கோடையும் கொண்டலும்: திண்டுக்கல் சமவெளியில் காற்றுத்திரள்களின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

காற்று தான் தங்கியிருந்த நிலத்தின் அல்லது கடலின் இயல்பைச் சுமந்து செல்கிறது என்பது காற்றுத்திரள் கோட்பாட்டின் அடிப்படை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வடிவம் பெற்ற இக்கோட்பாட்டைத் திண்டுக்கல் சமவெளியோடு பொருத்திப் பார்க்கையில் பிறப்பிடத்திற்கு இணையாக வழியும் முதன்மை பெறுகிறது. தமிழில் வழங்கும் காற்றுப் பெயர்கள், 1895ஆம் ஆண்டு அக்டோபரில் நிகழ்ந்த இரு பொது நிகழ்வுகள், 1977, 2018ஆம் ஆண்டுகளின் புயல்கள் ஆகியவற்றை முன்வைத்து இதனை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: காற்றுத்திரள், கோடை, கொண்டல், மழை மறைவுப் பகுதி, பழனி மலைத்தொடர், குடகனாறு

ஆடி மாதத்து முரண்

ஆடி மாதத்தில் கொச்சியில் கனமழை பொழியும் நாள்களில் திண்டுக்கல்லில் புழுதி பறக்கிறது. இரண்டு ஊர்களுக்கும் இடையே நேர்க்கோட்டுத் தொலைவு 200 கிலோமீட்டர் அளவே. இரண்டிலும் வீசுவது மேற்கிலிருந்து வரும் ஒரே காற்று. அந்த நாள்களில் அம்மியையும் பறக்கச் செய்யும் காற்று என்று பழமொழி பேசுகிறது. அக்காற்று மழை கொணரும் என்று பேசவில்லை. இந்த வேறுபாட்டை வேளாண் மக்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். அதனை விளக்கும் அறிவியல் பிந்தி வந்தது.

திண்டுக்கல் நகரம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் அமைந்துள்ளது. தென்மேற்கே பழனி மலைத்தொடர், கிழக்கே சிறுமலை, வடகிழக்கே கரந்தமலை. வடக்கிலும் வடமேற்கிலும் வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் வழியாகச் சமவெளி கரூரையும் தாராபுரத்தையும் நோக்கி விரிகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கு நோக்கி 65 கிலோமீட்டர் அளவுக்கு நீண்டிருக்கும் பழனி மலைத்தொடர், 2,500 மீட்டர் வரை உயர்ந்து நிற்கிறது. இச்சமவெளிக்கு எந்தக் காற்று எந்நிலையில் வந்து சேரும் என்பதைப் பெரிதும் முடிவு செய்வது இந்த மலையமைப்பே.

காற்றின் பெயர்களும் பெயரிட்டவர் நின்ற இடமும்

தமிழில் நான்கு திசைக் காற்றுகளுக்கும் தனித்தனிப் பெயர்கள் உண்டு. வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல், கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை. நிகண்டுகள் இவற்றைத் தொகுத்துத் தருகின்றன. பள்ளிப் பாடங்களிலும் இவை இடம்பெறுவதால் திசைகளின் வேறு பெயர்கள் போலவே இன்று மனத்தில் பதிந்துவிட்டன.

ஆனால் இந்நான்கும் ஒரே முறையில் அமைந்த பெயர்களல்ல. வாடை, தென்றல் ஆகிய இரண்டும் வட, தென் என்னும் திசைச் சொற்களிலிருந்து பிறந்தவை. கொண்டல், கோடை ஆகியவற்றில் திசைச் சொல் இல்லை. கொண்டல் என்பது மேகத்திற்கும் பெயர். நீரைக் கொண்டது என்னும் பொருள் அதிலேயே வெளிப்படுகிறது. கோடை என்பது வெயிற்காலத்திற்கும் பெயர். ஆக, கிழக்குக் காற்று அது சுமக்கும் நீராலும் மேற்குக் காற்று அதன் வெம்மையாலும் அறியப்பட்டன. மேற்குக் காற்றுக்குக் குடகாற்று என்று திசையால் அமைந்த பெயரும் தமிழில் உண்டு. அவ்வாறு இருக்கவும் நிலைபெற்றது கோடை என்னும் பெயரே.

மேற்குக் காற்று வெம்மையானது என்று கூறக்கூடியவர் மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே வாழ்பவரே. மலைக்கு மேற்கே வாழ்பவருக்கு அதே காற்று குளிர்ச்சியையும் இடைவிடாத மழையையும் தருவது. மலையாளத்தில் ‘கோடமஞ்ஞு’ என்னும் சொல் மலைமேல் படரும் குளிர்ந்த மூடுபனியைக் குறிக்கிறது. ‘கோட’, ‘கோடை’ ஆகிய இரண்டையும் ஒரே வேரினவாகக் கொண்டால், ஒரு சொல் மலையைக் கடக்கையில் ஈரத்தை இழந்து வெம்மையைப் பெற்றிருக்கிறது எனலாம். காற்றும் அவ்வாறே செய்கிறது. சொல்லாராய்ச்சியில் இத்தகைய பொருத்தங்கள் எளிதில் மயக்குபவை என்பதால் இதனைச் சான்றாகக் கொள்ளாமல் துணைக் குறிப்பாகக் கொள்வதே தகும்.

இந்நிலப்பகுதி சங்க இலக்கியத்தில் பேசப்படும் பகுதியே. அகநானூற்றின் முதற்பாடலில் இடம்பெறும் பொதினி இன்றைய பழனி. அதனைச் சார்ந்த நாட்டை ஆண்ட ஆவியர் குடியினன் வையாவிக் கோப்பெரும் பேகன். புறநானூற்றின் 205ஆம் பாடல் பாடும் கடிய நெடுவேட்டுவன் கோடை என்னும் மலைக்குத் தலைவன். அம்மலையைக் கோடைக்கானல் பகுதியோடு இணைத்துக் காண்பவர் உண்டு. மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனின் கதை கொடைச் சிறப்பிற்காகவே நினைக்கப்படுகிறது. அக்கதையில் ஒரு காலநிலைக் குறிப்பும் அடங்கியுள்ளது. மேகம் திரளும் மலைச்சாரலில், குளிரை எண்ணத் தூண்டும் பருவத்தில் அது நிகழ்கிறது. தமிழ் மரபில் கார்காலம் ஆவணியும் புரட்டாசியும் ஆகும். ஆனியும் ஆடியும் அல்ல. பழனி மலையின் வடக்கு, கிழக்குச் சாரல்களில் ஆடிக்காற்று தளர்ந்தபின் மாலைவேளைகளில் இடியுடன் மழை பெய்யும் மாதங்களும் அவையே. பருவங்களைப் பகுத்தவர்கள் மலைக்குக் கிழக்கே நின்று வானத்தைப் பார்த்தவர்கள் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

பிறப்பிடம் என்னும் கருத்து

காற்றை அதன் பிறப்பிடத்தால் வகைப்படுத்தும் அறிவியல் முறை நார்வே நாட்டின் பெர்கன் நகரில் உருவானது. வில்ஹெல்ம் பியர்க்னெஸ் 1917ஆம் ஆண்டில் அங்கு ஓர் ஆய்வுக் குழுவைத் தொடங்கினார். முதல் உலகப் போரால் அயல்நாட்டு வானிலைச் செய்திகள் தடைபட்டிருந்த காலம் அது. உள்நாட்டில் நெருக்கமாக நிறுவப்பட்ட நிலையங்களின் பதிவுகளிலிருந்து, தன்மை வேறுபட்ட இரு காற்றுகள் மோதும் எல்லைகளை அக்குழுவினர் இனங்கண்டனர். போர்க்களச் சொல்லையே எடுத்து அவ்வெல்லைக்கு ‘முகப்பு’ எனப் பெயரிட்டனர். அக்குழுவைச் சேர்ந்த டோர் பெர்கெரோன் 1928ஆம் ஆண்டில் காற்றுத்திரள்களை முறையாக வகைப்படுத்தினார். இலங்கைத் தமிழ்ப் புவியியல் நூல்கள் இதனை வளித்திணிவு என வழங்குகின்றன.

பரந்த நிலப்பரப்பின் அல்லது கடற்பரப்பின் மேல் காற்று பல நாள்கள் தேங்கி நிற்குமானால், அப்பரப்பின் வெப்பத்தையும் ஈரத்தையும் அது ஏற்றுக்கொள்ளும். ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அகலத்தில் கிடைமட்டமாக ஏறத்தாழ ஒரே தன்மையுடைய திரள் இவ்வாறு உருவாகும். இதற்குப் பரப்பு ஒரே சீராக இருத்தல் வேண்டும்; காற்று மெலிந்திருத்தல் வேண்டும். உயரழுத்த மண்டலங்கள் இவ்விரண்டிற்கும் ஏற்றவை. மலைகளும் கடற்கரைகளும் மாறிமாறி வரும் நிலம் பிறப்பிடமாக அமைவதில்லை. குளிர்காலச் சைபீரியாவும் வடகனடாவும் கண்டத் துருவத் திரளின் பிறப்பிடங்கள். வட அட்லாண்டிக், வட பசிபிக் பெருங்கடல்கள் கடல் துருவத் திரளை உருவாக்குகின்றன. சகாராவும் அரேபியாவும் கண்ட வெப்பமண்டலத் திரளையும், துணை வெப்பமண்டலப் பெருங்கடல்கள் கடல் வெப்பமண்டலத் திரளையும் தோற்றுவிக்கின்றன. இவற்றோடு ஆர்க்டிக், அண்டார்க்டிக் திரள்களும் நிலநடுக்கோட்டுத் திரளும் சேரும்.

பெர்கெரோனின் வகைப்பாட்டில் அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு. திரள் தன் பிறப்பிடத்தை விட்டு நகர்ந்தபின், தான் கடக்கும் பரப்பைவிடக் குளிர்ந்துள்ளதா வெம்மையாக உள்ளதா என்பதையும் அவர் குறியீட்டில் சேர்த்தார். குளிர்ந்திருந்தால் கீழிருந்து சூடேறி மேகமும் இடியும் உண்டாகும். வெம்மையாக இருந்தால் கீழடுக்கு குளிர்ந்து அமைதியுறும், மூடுபனி படரலாம். பிறப்பிடம் திரளின் தொடக்க நிலையை மட்டுமே கூறும். திண்டுக்கல்லைப் பொறுத்தவரை வகைப்பாட்டின் இந்தப் பகுதியே பெரிதும் பயன்படுவது.

ஐரோப்பாவிற்கென எழுந்த இக்கோட்பாடு வெப்பமண்டலத்திற்கு முழுமையாகப் பொருந்தவில்லை. அங்கு மோதும் காற்றுகளுக்கிடையே வெப்பநிலை பெரிதும் வேறுபடும். இங்கு வெப்பம் ஏறத்தாழ ஒன்றாக இருக்க ஈரமே வேறுபடும். 1930களில் இந்தியப் பருவக்காற்றுத் தாழ்வழுத்தங்களின் கட்டமைப்பை ஆராய்ந்தவர்களுள் கே. ஆர். இராமநாதன் குறிப்பிடத்தக்கவர். சி. வி. இராமனுடன் பணியாற்றிய பின் 1925ஆம் ஆண்டில் வானிலைத் துறையில் சேர்ந்த அவர், 1893ஆம் ஆண்டில் பாலக்காட்டுக் கல்பாத்தியில் பிறந்தவர். மேற்குக் காற்று தடையின்றிக் கிழக்கே நுழையும் கணவாயின் வாயிலிலேயே அவருடைய ஊர் அமைந்திருந்தது தற்செயலாயினும் நினைக்கத்தக்கது.

மேற்கிலிருந்து வருவது

தென்மேற்குப் பருவக்காற்றுக்கு நிலமும் கடலும் வெவ்வேறு அளவில் சூடேறுவதே காரணம் என்னும் விளக்கம் 1686ஆம் ஆண்டில் எட்மண்ட் ஹாலி வெளியிட்ட கட்டுரையிலிருந்தே தொடர்கிறது. இவ்விளக்கம் மட்டும் போதாது என்பதை ஜி. சி. சிம்ப்சன் 1921ஆம் ஆண்டில் சுட்டிக்காட்டினார். இந்திய நிலப்பரப்பு ஜூலையைவிட மே மாதத்திலேயே அதிகம் கொதிக்கிறது. மழை பொய்த்த ஆண்டுகளில் மேலும் கொதிக்கிறது. வெப்பம் மட்டுமே காரணமாயின் அப்போதே பெருமழை பெய்திருக்க வேண்டும். மலைகள் காற்றை மேலேற்றுவதன் பங்கை அவர் வலியுறுத்தினார்.

இக்காற்றின் பிறப்பிடம் நிலநடுக்கோட்டிற்குத் தெற்கே, 30 பாகை தென் அட்சரேகையை ஒட்டி நிலைகொள்ளும் மஸ்கரேன் உயரழுத்த மண்டலம். அங்கிருந்து தென்கிழக்குத் திசைக் காற்றாகப் புறப்படும் கடல் வெப்பமண்டலத் திரள், கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோரம் நிலநடுக்கோட்டைக் கடந்து, புவிச்சுழற்சியால் வலப்புறம் திரும்பித் தென்மேற்குக் காற்றாகிறது. தரையிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் உயர அளவில் இது விரைந்த ஜெட் காற்றோட்டமாக ஓடுவதை ஃபிண்ட்லேட்டர் 1969ஆம் ஆண்டில் விளக்கினார். அரபிக்கடலின் மேற்குப் பகுதியில் இத்திரளின் மேல் அரேபிய நிலத்திலிருந்து வரும் வறண்ட வெப்பக்காற்று மூடிபோல் படிவதால் மேகங்கள் அங்கு உயர வளர்வதில்லை. கிழக்கே வர வர அம்மூடி விலகுகிறது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடலைக் கடந்து ஈரம் நிறைந்த அத்திரள் கேரளக் கரையை அடைகிறது.

அதன்பின் நிகழ்வதை ஒரு கணக்கால் விளக்கலாம். 27 பாகை செல்சியஸ் வெப்பமுடைய கடற்காற்று மலைமேல் ஏறுகிறது எனக் கொள்வோம். மேகம் உருவாகும் வரை ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 10 பாகை அளவில் அது குளிரும். முதல் கிலோமீட்டரில் 17 பாகைக்கு இறங்கி ஈரம் நிறைநிலையை அடைந்தால், அடுத்த கிலோமீட்டரில் நீராவி மழையாக மாறுகையில் வெளிவரும் வெப்பம் குளிர்ச்சியைப் பாதியாகக் குறைக்கும். உச்சியில் 12 பாகை இருக்கும். மழை மேற்குச் சாரலிலேயே விழுந்துவிட்டது. இனி அக்காற்று 300 மீட்டர் உயரமுள்ள கிழக்குச் சமவெளிக்கு இறங்கும்போது கிலோமீட்டருக்கு 10 பாகை வீதம் சூடேறி 29 பாகையாகிறது. கடலிலிருந்து புறப்பட்டதைவிட வெம்மை மிகுந்தும் ஈரம் குறைந்தும் அது வந்து சேர்கிறது. எண்கள் எடுத்துக்காட்டிற்கானவை, நிகழ்முறை இதுவே. கோடை என்னும் பெயரின் இயற்பியல் இதற்குள் அடங்கிவிடுகிறது.

மலையைக் கடக்காமல் வரும் காற்றும் உண்டு. 30 கிலோமீட்டர் அளவுக்கு அகன்ற பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழையும் காற்று உடுமலை, தாராபுரம் பகுதிகளில் விரைந்து வீசி, பழனி மலையின் வட அடிவாரம் வழியே ஒட்டன்சத்திரத்தையும் திண்டுக்கல்லையும் எட்டுகிறது. அது முழுமையாக ஈரம் இழந்ததன்று. ஆயினும் அதனை மேலேற்றக் குறுக்கே மலையில்லை. வெற்று வானில் மேகத் துண்டுகளைத் துரத்திக்கொண்டு அது கடந்து போகிறது. இக்காற்று ஓயும் இடைவெளிகளில்தான் தென் தமிழகத்தின் உட்பகுதிகளில் இடிமழை கூடுகிறது. மேற்குக் கரையில் பருவமழை தளரும் நாள் இங்கு மழைக்கு வாய்ப்புள்ள நாளாவதை வேளாண் வழக்கும் அறியும். ஆடிப்பட்டத்தில் தேடி விதைப்பது ஆடியின் மழையை நம்பியன்று, அதற்குப் பின் வரவிருக்கும் மழையை நம்பியே.

1895 அக்டோபர்

1876ஆம் ஆண்டில் பருவமழை பொய்த்ததால் சென்னை மாகாணத்தைத் தாக்கிய பெரும்பஞ்சம் 1878 வரை நீடித்தது. அப்போது திண்டுக்கல் மதுரை மாவட்டத்தின் ஒரு வட்டம். அப்பஞ்சம் இரு வெவ்வேறு முயற்சிகளுக்கு வேகம் கொடுத்தது. இரண்டும் இன்றைய திண்டுக்கல் மாவட்ட எல்லையைத் தொடுபவை.

முதலாவது பெரியாறு அணை. மேற்குச் சாரலில் பெய்து மேற்கே ஓடும் நீரைக் கிழக்கே திருப்பும் எண்ணம் 1789ஆம் ஆண்டளவில் இராமநாதபுரம் சேதுபதியின் அமைச்சர் முத்திருளப்ப பிள்ளையிடமே தோன்றியிருந்தது. 1886ஆம் ஆண்டில் திருவிதாங்கூருடன் ஒப்பந்தம் ஏற்பட்டு, பென்னிகுயிக் தலைமையில் 1887ஆம் ஆண்டில் பணி தொடங்கியது. மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக நீர் வைகையில் சேர்க்கப்பட்டு, நிலக்கோட்டைப் பகுதியிலுள்ள பேரணையிலிருந்து கால்வாயில் பிரிக்கப்பட்டது. 1895 அக்டோபரில் சென்னை மாகாண ஆளுநர் வென்லாக் பிரபு இதனைத் தொடங்கி வைத்தார்.

இரண்டாவது கோடைக்கானல் வானாய்வகம். கதிரவனில் தோன்றும் கரும்புள்ளிகளின் பதினோராண்டுச் சுழற்சிக்கும் பஞ்சத்திற்கும் தொடர்புண்டு என்னும் கருத்தை 1877ஆம் ஆண்டில் வில்லியம் ஹண்டரும் நார்மன் லாக்கியரும் பரப்பினர். ஹண்டர் சான்றாகக் கொண்டது சென்னை நகரின் மழைப் பதிவு. சென்னையின் மழையில் பெரும்பகுதி கிழக்குக் காற்றால் ஐப்பசி, கார்த்திகையில் பெய்வது. இந்தியாவின் பெரும்பகுதிக்கு நீர் தருவது மேற்குக் காற்று. ஒரு காற்றின் பதிவைக் கொண்டு இரண்டிற்கும் பொதுவான விதியைத் தேடியது அம்முயற்சியின் அடிப்படைக் குறை. ஆனாலும் கதிரவனைத் தொடர்ந்து ஆராய வேண்டும் என்னும் கோரிக்கை வலுப்பெற்றது. சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியராக இருந்து அரசு வானியலாளரான மிக்கி ஸ்மித், நீலகிரியையும் பழனி மலையையும் ஒப்பிட்டுப் பின்னதைத் தேர்ந்தார். ஆய்வகத்திற்கு அடிக்கல் நாட்டியவரும் வென்லாக் பிரபுவே. மாதமும் அதே 1895 அக்டோபர்.

ஒரே ஆளுநர் ஒரே மாதத்தில் செய்த இவ்விரு செயல்களையும் பொதுவாக வெவ்வேறு வரலாறுகளாகவே எழுதுகின்றனர்: ஒன்று பாசன வரலாறு, மற்றது வானியல் வரலாறு. காற்றுத்திரளின் பக்கத்திலிருந்து நோக்கினால் இரண்டும் ஒரே மழை மறைவின் விளைவுகள். மேற்குத் திரள் தன் நீரை மலைக்கு அப்பால் இறக்கிவிடுவதால் சமவெளி வறண்டது. அதனை ஈடு செய்யச் சுரங்கம் வேண்டியிருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் முகப்பிலிருந்து கிழக்கே தள்ளி நீளும் பழனி மலைக்கு ஒப்பீட்டளவில் தெளிந்த வானம் கிட்டியதும் அதே காரணத்தாலேயே. உழவருக்கு இழப்பாகியது வானியலாளருக்கு வாய்ப்பாயிற்று.

ஆய்வகத்தின் பணிகள் 1901ஆம் ஆண்டில் தொடங்கின. 1899 முதல் 1971 வரை அது இந்திய வானிலைத் துறையின் கீழேயே இயங்கியது. பஞ்சத்தை முன்னறிய அதனால் இயலவில்லை. 1909ஆம் ஆண்டில் ஜான் எவர்ஷெட், கரும்புள்ளிகளின் மையத்திலிருந்து வளி வெளிநோக்கி ஓடுவதை அங்குக் கண்டறிந்தார். மண்ணுலகக் காற்றை அறிய எழுந்த ஆர்வம் கதிரவனின் வளியோட்டத்தைக் கண்டதில் முடிந்தது. இந்தியப் பருவக்காற்றை முன்னறியும் முயற்சியோ வேறு திசையில் சென்றது. 1904 முதல் 1924 வரை வானிலைத் துறையின் தலைவராயிருந்த கில்பர்ட் வாக்கர், உலகெங்கும் பதிவான அழுத்த வேறுபாடுகளை ஒப்பிட்டுத் தென் அலைவை இனங்கண்டார்.

பெரியாற்று நீரும் திண்டுக்கல் சமவெளியின் பெரும்பகுதிக்கு எட்டவில்லை. பேரணைக்குக் கீழே அது மதுரை நோக்கிச் சென்றது. திண்டுக்கல், வேடசந்தூர் பகுதிகள் கிணறுகளையும் கண்மாய்களையும் நம்பியே இருந்தன. அக்கிணறுகளில் ஊறுவது கிழக்குக் காற்றின் நீர்.

கிழக்கிலிருந்து வருவது

வடகிழக்குப் பருவக்காற்றைச் சைபீரியக் காற்று என்று பாடநூல்கள் கூறுவதுண்டு. அது பாதி உண்மை. சைபீரிய உயரழுத்தத்தில் பிறக்கும் கண்டத் துருவத் திரள் ஆழம் குறைந்தது. இமயமும் திபெத்தியப் பீடபூமியும் அதனை நேரே தெற்கே வரவிடுவதில்லை. கிழக்கு ஆசியா வழியாகத் தென்சீனக் கடலில் இறங்கும் பகுதி நெடுந்தொலைவு வெப்பக் கடலைக் கடந்து, வங்கக் கடலை அடைவதற்குள் தன் குளிரையும் வறட்சியையும் இழந்துவிடுகிறது. தமிழகக் கரையை அடைவது ஏறத்தாழக் கடல் வெப்பமண்டலத் திரளே. மேற்குத் திரள் வழியில் தன் நீரை இழந்தது. இத்திரள் வழியில் நீரைப் பெற்றது. கொண்டல் என்னும் பெயர் இதனால் மேலும் பொருத்தமாகிறது. நகரிலும் சமவெளியிலும் ஆண்டு மழையின் மிகப்பெரும் பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான காலத்தில் கிடைக்கிறது.

கடற்கரையிலிருந்து திண்டுக்கல் வரை இக்காற்றைத் தடுக்கும் தொடர்ச்சியான மலை இல்லை. தடை பழனி மலையே. அது சமவெளிக்கு அப்பால் நிற்கிறது. அதில் மோதிப் பொழியும் நீர் கிழக்கே இறங்கிக் குடகனாறாக ஓடி, ஆத்தூர் நீர்த்தேக்கத்தை நிரப்பி, வேடசந்தூரைக் கடந்து அமராவதியில் சேர்கிறது. குடக்கு என்பது மேற்கு. ஆற்றின் பெயரில் மேற்கு ஒலித்தாலும் அதில் பெருகுவது பெரும்பாலும் கிழக்கின் நீர்.

அப்பெருக்கின் அளவு 1977ஆம் ஆண்டில் தெரிந்தது. அவ்வாண்டு நவம்பர் 12ஆம் நாள் அதிகாலையில் நாகப்பட்டினத்திற்குத் தெற்கே கரையைக் கடந்த புயல், உள்நாட்டில் மேற்கு நோக்கி நகர்ந்து தீபகற்பத்தைக் குறுக்கே கடந்தது. வேடசந்தூர் அருகே அழகாபுரியில் குடகனாற்றின் குறுக்கே கட்டப்பட்டிருந்த மண் அணை அவ்வாண்டு வெள்ளத்தில் நீர் கரைமீறி உடைந்தது. இந்திய அணை உடைப்புகளைத் தொகுக்கும் பொறியியல் நூல்களில் இந்நிகழ்வு இடம்பெறுகிறது. மழை மறைவுப் பகுதி என்று பெயர்பெற்ற நிலத்தில் வெள்ளம் மீறி அணை உடைந்தது வியப்பாகத் தோன்றலாம். ஆனால் மழை மறைவு என்பது ஒரு திசைக்கு மட்டுமே உரியது. மேற்கை மறைக்கும் அதே மலை கிழக்கிலிருந்து வரும் திரளை நேர்முகமாக ஏற்று மேலே தூக்குகிறது. மழை குறைந்த நாடு என்னும் பொது அடையாளம் இவ்வேறுபாட்டை மறைத்துவிடுவதால், வெள்ளத்திற்கான ஆயத்தம் இங்குப் பின்தள்ளப்படும் இடர் எப்போதும் உண்டு.

41 ஆண்டுகளுக்குப் பின் அதே வழியில் மற்றொரு புயல் வந்தது. 2018 நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா, டெல்டா மாவட்டங்களில் தென்னந்தோப்புகளை வீழ்த்திவிட்டு, வலுவிழந்து திண்டுக்கல் மாவட்டத்தின் மேல் நகர்ந்தது. கோடைக்கானல் மலைப்பகுதியில் மரங்கள் சாய்ந்து சாலைகள் அடைபட்டன. பின்னர் அது பழனி மலையையும் கேரளத்தையும் கடந்து, கோடைக் காற்று புறப்பட்டு வரும் அரபிக்கடலில் இறங்கியது.